கண் காணாத புள்ளிக்கும் காசு

நாலு பேர் உள்ள வீட்டில் நாலு செல்போன், நாலு ரீசார்ஜ். தினம் 2 ஜிபி தரும் பேக்கில் மிச்சமான டேட்டா பெரும்பாலும் நள்ளிரவோடு காலாவதி. மறுநாள் கணக்கில் சேராது. அதனால் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேக்கின் விலையை அல்ல, டேட்டா எங்கே போகிறது என்பதை.

பெரும்பாலான வீடுகளில் அது வீடியோவுக்குத்தான் போகிறது. தரத்தை 'ஆட்டோ'வில் விட்டிருந்தால், வீடியோ செயலி நெட்டின் வேகத்தை அளந்து, அது தாங்கும் அளவுக்குத் தரத்தை ஏற்றிக்கொண்டே போகும். கண்ணுக்கோ ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைந்த கோணத்தில் நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளை, நல்ல பார்வை உள்ளவரின் கண்கூட ஒன்றாகவே காணும். 30 செ.மீ. தூரத்தில் பிடித்த போனில் அந்த இடைவெளி சுமார் 0.087 மி.மீ.

போனை நெட்டுவாக்கில் பிடித்துப் படம் பார்க்கும்போது படத்தின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. 480பி தரத்தில் அந்த அகலத்துக்குள் 854 புள்ளிகள் அடங்கும், ஒவ்வொன்றும் 0.082 மி.மீ. கண்ணின் எல்லை அங்கேயே தீர்ந்துவிட்டது. அதே படம் 1080பியில் ஓடினால் புள்ளிகள் ஐந்து மடங்கு. டேட்டா அதே விகிதத்தில் ஏறாது என்றாலும் செலவு கணிசமாகக் கூடும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி நடுத்தரத்துக்கு மணிக்குச் சுமார் 0.7 ஜிபி, எச்டி என்றால் 3 ஜிபி வரை. போனைப் படுக்கைவாக்கில் திருப்பினால் படம் பெரிதாகும். அதற்கும் 720பி ஏறக்குறையப் போதும்.

யூடியூப் செட்டிங்ஸில் வீடியோ தரம் என்ற பகுதிக்குப் போய், மொபைல் நெட்டுக்கு 'டேட்டா சேவர்' வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று போனின் செட்டிங்ஸிலேயே பாருங்கள். 2 ஜிபி பேக் போட்டவருக்கு 1 ஜிபியே போதும் என்று தெரியவரலாம். வீட்டில் வைஃபை இருந்தால் இன்னும் குறையும்.

பட்டன் போனில் பேச மட்டும் செய்யும் பாட்டிக்கும் டேட்டா பேக் போட்டுக்கொண்டிருப்பது அநியாயம். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கைத் தனியாகத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. 365 நாள் வரை செல்லுபடி தரவும் அதில் இடமுண்டு. ரீசார்ஜ் கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எடுத்துத் தர மாட்டார்கள்.

28 நாள் பேக்கை மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு வருடத்தில் 13 ரீசார்ஜ். விலையை நாட்களால் வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். 30 நாள் பேக் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி.

இத்தனைக்குப் பிறகும் கட்டுப்படியாகவில்லை என்றால் நம்பரை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். சில நாட்களே செல்லுபடியாகும் அதை எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுங்கள். போகும் முன், உங்கள் வீட்டுக்குள் அவர்களுடைய சிக்னல் எட்டுகிறதா என்று பக்கத்து வீட்டாரின் போனில் பார்த்துக்கொள்வது நல்லது.