பொத்தானை அழுத்திய பிறகு

தேவனேரியிலிருந்தும் கொக்கிலமேட்டிலிருந்தும் இருட்டோடு கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளுக்கு, கரை எந்தப் பக்கம் என்று காட்டுவது மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் நின்றுவிடும். அதற்கப்பால் ஆபத்தென்றால் யாரை அழைப்பது?

அதற்காக இஸ்ரோ உருவாக்கியதுதான் ‘டாட்’ என்னும் அபாய அறிவிப்புக் கருவி. 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடம் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு வரும்.

தகவல் போனதா? முதல் தலைமுறைக் கருவியில் அதை அறிய வழியில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்குபவருக்கு அந்த மௌனம் எத்தனை கொடுமை! இஸ்ரோ 2024இல் கொண்டுவந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘உதவி வருகிறது’ என்று பதில் சொல்கிறது. பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால், சில குறைகள் எந்தத் தலைமுறையிலும் தீராதவை. ரேடியோ அலை உப்புநீரைத் துளைக்காது. கருவி நீருக்குமேல், வானம் தெரியும்படி இருந்தாக வேண்டும். கருவி படகில் இருக்க, ஆள் மட்டும் தவறி விழுந்தால், அது காட்டுவது படகின் இடத்தை. மனிதனின் இடத்தை அல்ல. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நீரோட்டம்கூடப் பத்து மணி நேரத்தில் ஒருவரை இருபது கிலோமீட்டர் தள்ளிவிடும்.

இடம் தெரிந்துவிட்டாலும் கப்பல் வந்து சேர வேண்டுமே. 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில், தனியாக உலகைச் சுற்றிவந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரம் புயலில் முறிந்தது. முதுகில் பலத்த அடி, நகர முடியவில்லை. அவர் இருந்த இடம் உலகுக்குத் தெரியும். அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட பி-8ஐ ரக விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து சென்று படகைக் கண்டது. ஆனாலும், பிரெஞ்சுக் கப்பல் ‘ஒசிரிஸ்’ அவரை மீட்டது 24ஆம் தேதிதான்.

மூன்று நாள் தாக்குப்பிடிக்கப் படகாவது அவருக்கு இருந்தது. தண்ணீரில் விழுந்தவருக்கு உயிர்காப்பு அங்கிதான் படகு. ‘பக்கத்தில்தானே போகிறோம்’ என்று அதைக் கரையில் விட்டுப் போகாதீர்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால், கரையில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திராமல் 1554 என்ற எண்ணில் கடலோரக் காவல்படையை உடனே அழையுங்கள்.