கேமரா அறைக்குள்ளேயே இருக்கட்டும்

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் மேடையேற்றிய நாடகத்தில் மூன்றே பாத்திரங்கள், ஒரே அறை. பாட்டி காலமான பிறகு, அவருடைய மூவறை வீட்டை விற்பதா வேண்டாமா என்று அக்கா, அண்ணன், தம்பி மூவரும் இரவு முழுவதும் சண்டையிடுவார்கள். காலையில் வீட்டு முகவர் வந்துவிடுவார். அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

அரங்கில் நல்ல கைதட்டல். அதையே குறும்படமாக்க நாங்கள் ஐவர் கிளம்பினோம். கையில் இருந்தது 600 வெள்ளி. நான்தான் இயக்குநர்.

ஒரே அறையைக் காட்டினால் சலித்துவிடும் என்று பயந்து, கடற்கரை, எம்ஆர்டி நிலையம், காப்பிக்கடை என்று காட்சிகளைச் சேர்த்தேன். இரண்டு வார இறுதிகளும் 400 வெள்ளியும் கரைந்தன. தொகுத்துப் பார்த்தால் படம் அழகாக இருந்தது, சண்டையில்தான் சூடே இல்லை. அக்காவாக நடித்த தோழி, “நீ கதவைத் திறந்துவிட்டுட்டே!” என்றாள். உண்மைதான். கோபம் வந்தால் அண்ணன் காப்பிக்கடைக்குப் போய்விடலாம் என்றால், அந்த இரவுக்கு என்ன அர்த்தம்?

அதன்பிறகு இரண்டு படங்களைத் தேடிப் பார்த்தேன். ஸ்டீவன் பெல்பரின் மேடை நாடகத்தை ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2001ல் ‘டேப்’ என்ற படமாக்கினார். மூன்று நடிகர்கள், ஒரு விடுதி அறை, டிஜிட்டல் கேமரா. கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஒன்றே. வாக்குவாதம் முற்றும்போது கேமரா ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குச் சட்டென்று திரும்புகிறது. நம் கழுத்தே திரும்புவதுபோல் இருக்கும்.

தொலைக்காட்சி நாடகமாக இருந்து 1957ல் திரைக்கு வந்த ‘12 ஆங்ரி மென்’ படமும் பெரும்பகுதி ஒரே அறைதான். இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலிருந்து, அறை முழுவதும் தெரியும்படி எடுத்தார். போகப்போகக் கேமராவைக் கீழே இறக்கி, தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் லென்சுகளுக்கு மாறினார். சுவர்கள் நெருங்கி வருவதுபோல் தோன்றும். இறுதியில் கூரைகூடத் தெரியும்.

அரங்கில் பார்வையாளர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். படத்தில் அவரும் அந்த அறைக்குள் அடைபட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

மீதி 200 வெள்ளியில், என் தாத்தா வீட்டில், இரண்டே இரவுகளில் மீண்டும் எடுத்தோம். முதல் காட்சியில் கேமரா வாசலருகே, கடைசிக் காட்சியில் கட்டிலோரம். ஒலிப்பதிவுக்காக மின்விசிறியை நிறுத்தியதால் முகத்தில் உண்மையான வியர்வை. மேடைக்குப் பழகிய குரல் கைப்பேசியில் கத்தலாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி பேசச் சொன்னேன். குரல் தணிந்ததும் சண்டை இன்னும் பயமூட்டியது.

படம் இப்போது 18 நிமிடங்கள். கடற்கரைக் காட்சி அதில் இல்லை. உங்கள் பள்ளி நாடகத்தைப் படமாக்க நினைத்தால், வெளிப்புறக் காட்சிகளுக்கு இடம் தேடும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இவர்களால் ஏன் இந்த அறையைவிட்டுப் போக முடியவில்லை? அதைக் கேட்காததால் எனக்கு 400 வெள்ளி செலவானது.