பிள்ளைகளின் பருமனும் அதனை அளக்கும் கோலும்

குழந்தை பூசினாற்போல் இருந்தால்தான் வீட்டிற்கு அழகு என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. நந்தனத்தில் நாம் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, "சரியாகவே சாப்பிடுவதில்லை, சாமி" என்று பெற்றோர் முறையிடுவது பெரும்பாலும் மெலிந்த பிள்ளையைப் பற்றியே. பருத்த பிள்ளையைக் குறித்து முறையிடுவோர் மிகச் சிலர். கண்மதிப்பு இவ்வளவே. உண்மையை அறிய அளந்துதான் பார்க்கவேண்டும்.

அளக்கும் முறை எளிது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். ஆனால் வளர்ந்தோருக்குரிய வரம்பு வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 140 செ.மீ. உயரமும் 41 கிலோ எடையும் உள்ள பத்து வயதுச் சிறுவனுக்குக் கிடைக்கும் எண் 20.9. அவன் தந்தைக்கு இதே எண் வந்தால் மருத்துவர் மகிழ்வார்; மகனுக்கோ அது மிகை எடை. 2000-ஆம் ஆண்டில் வெளியான அனைத்துலக அளவுகோல், அவ்வயதுச் சிறுவனுக்கு 19.84 என்றே வரம்பு விதிக்கிறது. பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய இடங்களின் பிள்ளைகளை அளந்து பெற்ற கோல் அது. இந்தியப் பிள்ளைகள் அக்கணக்கில் இல்லை. பின்னர் புனேயின் கதில்கர் குழுவினர் நம் நாட்டுப் பிள்ளைகளின் அளவுகளைக் கொண்டே வேறொரு கோல் வகுத்தனர்.

கோல் மாறினால் தொகையும் மாறும். நமக்கு அண்மையிலுள்ள கோபாலபுரத்தில் இயங்கும் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையினர், நகரின் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயதுவரையுள்ள 18,955 பேரை அளந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். தனியார் பள்ளிகளில் மிகை எடையோ பருமனோ உடையோர் அனைத்துலகக் கோலின்படி 21.4 விழுக்காடு, கதில்கர் கோலின்படி 26.4. அரசுப் பள்ளிகளிலோ முறையே 3.6, 4.6 மட்டுமே. ஒரே நகரம், ஒரே வயது; ஆயினும் எத்துணை இடைவெளி! 'சென்னைப் பிள்ளைகளில் இத்தனை விழுக்காடு' என ஒற்றை எண்ணை எவரேனும் கூறினால், எப்பள்ளிகளில், எக்கோலால் அளந்தனர் என்று நாம் முதலில் வினவவேண்டும்.

இவ்வாய்வில் நம்மைக் கலங்கச் செய்வது வேறொன்று. எடை மிகுந்த பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. ஏனையோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே. பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்நோய்!

பள்ளிகளில் எடை பார்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். காலணிகளைக் கழற்றச் செய்து, தனியிடத்தில் அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதி உறையிலிட்டுப் பெற்றோருக்கு அனுப்புங்கள். வகுப்பறையில் உரக்கப் படித்தால், மறுமுறை எடை பார்க்கும் நாளன்று அப்பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டிலேயே தங்கிவிடும். அளக்கப்படவேண்டிய பிள்ளையே கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும்.