திரையில் ஒரு மைதானம் – 9: ஒற்றைப் பொத்தானில் உலகக் கால்பந்து

‘சென்சிபிள் வேர்ல்ட் ஆஃப் சாக்கர்’ 1994-ஆம் ஆண்டின் இறுதியில் அமிகா கணினிக்காக வெளிவந்த கால்பந்து வீடியோ கேம். ஆர்வலர்கள் அதைச் சுருக்கமாக ‘ஸ்வாஸ்’ என்பார்கள். அமிகாவைத் தயாரித்த காமடோர் நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் திவாலாகிவிட்டது. கணினி வழக்கொழிந்தது; கேம் நிலைத்தது. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி லோவுட் தலைமையிலான குழு, பாதுகாத்து வைக்கத் தகுந்த முக்கியமான 10 வீடியோ கேம்களைப் பட்டியலிட்டது. டெட்ரிஸ், டூம், சிம்சிட்டி ஆகியவை இருந்த அந்தப் பட்டியலில், விளையாட்டுப் போட்டியை மையமாகக் கொண்ட கேம் இது ஒன்றுதான்.

இதை உருவாக்கிய சென்சிபிள் சாஃப்ட்வேர், ஜான் ஹேரும் கிறிஸ் யேட்ஸும் 1986-இல் இங்கிலாந்தில் தொடங்கிய சிறிய நிறுவனம். 1988-இல் காமடோர் 64 கணினிக்காக ‘மைக்ரோப்ரோஸ் சாக்கர்’ என்ற கேமை அது செய்துகொடுத்தது. மறு ஆண்டு டினோ டினி என்பவர் எழுதிய ‘கிக் ஆஃப்’ வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான கால்பந்து கேம்களில் பந்து ஆட்டக்காரரின் காலோடு ஒட்டிக்கொண்டே வரும். கிக் ஆஃபில் பந்து தனியாக உருண்டது. திரும்பும் வேகத்தைக் கணிக்கத் தவறினால் பந்து கைவிட்டுப் போனது. பழகியவருக்கு அது சுவை, புதியவருக்குப் பெரும்பாடு.

சென்சிபிள் குழு 1992-இல் ‘சென்சிபிள் சாக்கர்’ மூலம் இதற்கு ஒரு நடுவழி கண்டது. பந்து காலோடு ஓரளவு இணங்கி வரும். சட்டென்று திரும்பினால் விலகிவிடும். ஆட்டக்காரர்களின் உருவங்கள், அந்தக் குழு 1991-இல் வெளியிட்ட ‘மெகா லோ மேனியா’ என்ற போர்க் கேமின் குட்டி மனிதர்களிலிருந்து பிறந்தவை. உருவம் சிறியதாக இருந்ததால் மைதானத்தின் கூடுதல் பகுதி திரைக்குள் அடங்கியது. சக ஆட்டக்காரர் எங்கே ஓடுகிறார், எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே பந்தைக் கொடுக்க முடிந்தது. முகம் தெரியாத பொம்மைகள் என்ற குறையே ஆட்டத்துக்குப் பெரும் பலமாயிற்று.

கட்டுப்பாடு ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பொத்தான், அவ்வளவுதான். பொத்தானைத் தட்டினால் பாஸ். அழுத்திப் பிடித்தால் பலமான உதை. பந்து எதிரணியிடம் இருந்தால் அதே பொத்தான் சறுக்கித் தடுக்கும். உதைத்த நொடியிலேயே ஜாய்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் பந்து வளையும். பின்னுக்கு இழுத்தால் மேலெழும்பும். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் கோல்கீப்பர் எட்டாத மூலையில் பந்தை வளைத்து இறக்குவதற்குப் பல மாதப் பழக்கம் வேண்டும். கோலின் அழகு முன்கூட்டிப் பதிந்துவைத்த அசைவிலிருந்து வருவதில்லை; ஆடுபவரின் கைப்பழக்கத்திலிருந்து வருகிறது.

வேகம் அடுத்த ஈர்ப்பு. ஆஃப்சைடு விதி இதில் இல்லை. ஒரு போட்டி சில நிமிடங்களில் முடிந்துவிடும்; தோற்றவர் உடனே மறு ஆட்டம் கேட்பார். எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கத்து வாசகர்களுக்கு இதைச் செவன்ஸ் கால்பந்தை வைத்து விளக்கலாம். பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் அறுவடை முடிந்த வயல்களில் அணிக்கு ஏழு பேராக ஆடப்படும் செவன்ஸில், சிறிய மைதானமும் ஓயாத ஓட்டமும்தான் கூட்டத்தை இழுக்கின்றன. ஸ்வாஸும் கால்பந்தை அப்படித்தான் சுருக்கி, சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

1992-இன் கேமோடு 1994-இல் சேர்ந்தது தகவல் களஞ்சியம். உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 1,500 அணிகள், 27,000 ஆட்டக்காரர்கள் இடம்பெற்றனர். 20 பருவங்கள் வரை ஒருவர் மேலாளராக இருந்து, ஆட்டக்காரர்களை வாங்கி விற்று, களத்திலும் தானே இறங்கி ஆடலாம். 880 கிலோபைட் மட்டுமே கொள்ளும் ஃப்ளாப்பி வட்டுகளில் இவ்வளவும் அடங்கியது. இணையம் பரவாத காலத்தில் பலருக்கும் தொலைதூர நாடுகளின் கிளப்புகள் அறிமுகமானது இதன் வழியாகத்தான்.

இந்த ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பின்வந்த தோல்விகளும் காட்டின. ‘சென்சிபிள் சாக்கர்’ 1998-இலும் 2006-இலும் முப்பரிமாண உருவில் வந்தது. பழைய செல்வாக்கு அதற்குக் கிட்டவில்லை. உருவங்கள் மேம்பட்டன, கைக்குக் கிடைத்த துல்லியம் குறைந்தது. 2007 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த மறுவெளியீடு பழைய ஆட்ட முறையையே பின்பற்றியது.

இந்திய வீடுகளில் அமிகா அரிது. 1990-களில் இங்கே புழங்கியவை தொலைக்காட்சியில் இணைக்கும் எட்டு பிட் ‘டி.வி. கேம்’ பெட்டிகளும் கேசட்டுகளும். ஜப்பானின் டெக்னோஸ் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட குனியோ-குன் வரிசைக் கால்பந்து கேம், ‘கோல் 3’ என்ற பெயரில் கள்ளக் கேசட்டுகளாக ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் பரவியது. அதிலும் சில பொத்தான்களே; மிகைப்படுத்திய உதைகளும் மோதல்களும், அருகே உட்கார்ந்து ஆடும் இருவரின் போட்டியுமே அதன் உயிர்.

இன்று ஸ்வாஸ் ஆடுவதற்கு அமிகா தேவையில்லை. பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் அதைச் சாதாரணக் கணினியில் இயக்குகிறது. அணிப் பட்டியல்களை ரசிகர்களே புதுப்பித்துப் பகிர்கிறார்கள். நிறுவனங்கள் வெளியிடும் புதிய கேம்களிலும் நம் அணிகள் உண்டு: கேரளா பிளாஸ்டர்ஸ் உள்ளிட்ட இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணிகள் ஃபிஃபா 22-இல் இடம்பிடித்தன. ஆனால் இத்தகைய புதிய கேம்களில் இணையவழிப் போட்டிகள், நிறுவனம் தன் சர்வரை மூடும் நாளோடு முடிந்துவிடும். ஸ்வாஸ் யாருடைய சர்வரையும் நம்பி இல்லை. கோப்பு ஒன்றும் எதிரே ஆட ஓர் ஆளும் இருந்தால் போட்டி தொடங்கிவிடும்.