நாகையில் இறங்கிவிட்டு வேளாங்கண்ணிக்குப் போங்கள்

வேளாங்கண்ணிக்குப் போகிற பேருந்து நாகப்பட்டினத்தில் நின்றாலும் பெரும்பாலோர் இறங்குவதில்லை. மாதாவைப் பார்க்கிற அவசரம். நாகையைப் பார்க்காமல் வேளாங்கண்ணிக்குப் போவது பாதிக் கதையை மட்டும் கேட்பதுதான் என்பேன்.

ராஜராஜ சோழன் காலத்தில் நாகைதான் சோழநாட்டின் கிழக்கு வாசல். கடல் கடந்து ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்தப்பள்ளியைக் கட்டினான். சிவபக்தனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்து போய், லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. நம் ஊர் நிலத்துக்கு எழுதிய பத்திரத்துக்கு ஐரோப்பிய நகரத்தின் பெயர்! மகன் ராஜேந்திரன் 1025-இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை அனுப்பியது தனிக்கதை.

பௌத்தத்தின் அடையாளமாக நாகையில் ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. சீனக் கோபுரம் என்பார்கள். மாலுமிகளுக்குத் தூரத்திலிருந்தே கரையைக் காட்டியது அதுதான். 1867-இல் அரசு அனுமதியோடு யேசு சபையார் அதை இடித்தார்கள். மனம் ஆறாத இழப்பு. அந்த வட்டாரத்தில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் மட்டும் 300-க்கு மேல்.

போர்த்துக்கீசியர், 1658-இல் டச்சுக்காரர், 1781-இல் ஆங்கிலேயர் என்று துறைமுகம் கைமாறிக்கொண்டே இருந்தது.

இங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. பால் கொண்டுபோன சிறுவனுக்கும், மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனுக்கும் மாதா காட்சி தந்த கதை எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது கதை கடலுடையது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்டி, செப்டம்பர் 8 அன்று இங்கே கரை சேர்ந்தார்கள். நன்றியாகக் கோயில் எழுப்பினார்கள் என்பது மரபு. பீடத்தருகே போனால், அவர்கள் பின்னர் சீனத்திலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகளை நின்று பாருங்கள். விகாரத்தைக் கொண்டுவந்த அதே கீழைக் கடல்வழிதான் இவற்றையும் கொண்டுவந்தது.

இக்கோயிலை 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் பசிலிக்காவாக உயர்த்தினார். உள்ளே பட்டுடுத்தி நிற்கிறாள் மாதா. வெளியே மணற்பாதையில் முழங்காலால் நகர்ந்து வருகிறார்கள் வேண்டுதல்காரர்கள். முட்டி தோலுரிந்தாலும் ஜெபமாலை உருட்டும் விரல் நிற்பதில்லை. மொட்டை போடுகிறார்கள், காவி உடுத்தி நடந்தே வருகிறார்கள், தென்னங்கன்று காணிக்கை தருகிறார்கள். இதில் இந்து எவர், கிறிஸ்தவர் எவர் என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம்.

இதே கடல் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாக எழுந்து நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு வந்த பக்தர்களும் அதில் உண்டு. கடற்கரைக்குப் போகிறவர்கள் அவர்களுக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஊர் கொள்ளாத கூட்டம். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். காலையில் நாகையில் இறங்கி, நீலாயதாட்சி அம்மன் கோயிலையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டு, மாலைத் திருப்பலிக்கு வேளாங்கண்ணி போங்கள். சென்னை வழியாக வருகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகைப் புத்தர்களைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.