பேஜ்மேக்கர் காலத்து ஃபைல்களைத் தூக்கிப் போடாதீங்க... லினக்ஸுக்குள்ளேயே பழைய விண்டோஸை ஓட்டலாம்!

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் அடுத்த ஆண்டு காலண்டருக்கான ஆல்பங்கள் வெளியாகிவிடும். அன்றிலிருந்து அச்சகங்களுக்கும் டி.டி.பி சென்டர்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அந்த அவசரத்தில் அடிக்கடி வரக்கூடிய போன் இது: “அண்ணாச்சி, பத்து வருஷத்துக்கு முன்னாடி நம்ம கடைக்கு அடிச்சீங்கள்ல, அதே டிசைன் போதும். அட்ரஸையும் போன் நம்பரையும் மட்டும் மாத்திடுங்க.”

கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை. ஆனால், அந்த ஃபைல் திறக்க வேண்டுமே!

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சு வந்தது. பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று அந்த அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று அதன் பழைய சொத்து கல் அச்சிலோ, ஃபிலிமிலோ மட்டும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குகளிலும் இருக்கிறது. பிரச்னையும் அங்கேதான்.

பழைய ஃபைல் ஏன் திறப்பதில்லை?

தமிழ் டி.டி.பி உலகம் பல ஆண்டுகள் நம்பியிருந்தது பேஜ்மேக்கரை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-ல். அதை வெளியிட்ட அடோபி நிறுவனத்தின் இன்றைய இன்டிசைன் மென்பொருளே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்பதில்லை. ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபீஸ் டிரா போன்ற இலவச மென்பொருள்கள் திறந்து பார்க்க முயலும். ஆனால், பக்க அமைப்பு அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், எழுத்துரு. யூனிகோட் பரவுவதற்கு முன் வந்த தமிழ் ஃபான்ட்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரிசை. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால், ‘திருமண அழைப்பிதழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் அதற்கு முன் டைப் செய்தவையெல்லாம் தானாக மாறிவிடவில்லையே!

ஆக, பழைய ஃபைலுக்குப் பழைய மென்பொருளும் பழைய ஃபான்ட்டும் வேண்டும். அவை ஓட பழைய விண்டோஸ் வேண்டும். ஆனால், விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பழைய கணினிகள் பலவற்றுக்கு அதன் தகுதிப் பட்டியலில் இடமில்லை. இந்த நிலையில் கைகொடுக்கிறது லினக்ஸ்.

ஒரே கணினி, இரண்டு உலகம்

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் பயன்பெற்ற மாணவர்களுக்கு இது புதிதல்ல. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அதில் இருந்தது. ஆன் செய்யும்போதே எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஓடினால் மற்றொன்று ஓடாது.

விர்ச்சுவல் மெஷின் அப்படியல்ல. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஜன்னலுக்குள் விண்டோஸும் ஓடும். வெளியே இருப்பதை ‘ஹோஸ்ட்’ என்பார்கள். உள்ளே இருப்பது ‘கெஸ்ட்’. வீட்டுக்காரரும் விருந்தாளியும் போல! உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் தனிக் கணினியில் இருப்பதாகவே நினைப்பு. லினக்ஸில் இருக்கும் ஃபைல்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால், அந்தப் பழைய டிசைனை உள்ளே அனுப்புவது எப்படி? வேலை முடிந்ததும் பி.டி.எஃப்-ஐ வெளியே எடுப்பது எப்படி? பலரும் செய்வது, பென் டிரைவில் போடுவது அல்லது தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்வது. பென் டிரைவில் வைரஸ் தொற்றலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, அச்சில் பல்லிளிக்கும். இதற்கான சரியான வழி, ‘ஷேர்டு ஃபோல்டர்’.

செய்வது எப்படி?

இதற்கான மென்பொருள்களில் எளிதானது விர்ச்சுவல்பாக்ஸ். 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. இப்போது ஆரக்கிளிடம் இருக்கிறது.

1. முதலில் பயாஸ் அமைப்பில் ‘விர்ச்சுவலைசேஷன்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 8 ஜி.பி ரேம் இருந்தால் நல்லது.

2. விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸை நிறுவுங்கள். உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் முறையான லைசென்ஸ் வேண்டும்.

3. விண்டோஸ் ஓடும்போது, மேலே ‘டிவைசஸ்’ மெனுவில் ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ சிடியைச் செருகி, அதை விண்டோஸுக்குள் இன்ஸ்டால் செய்யுங்கள். இதை மறந்தால் ஷேர்டு ஃபோல்டர் வேலை செய்யாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

4. விண்டோஸை ஷட் டவுன் செய்துவிட்டு, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ சென்று, லினக்ஸில் உள்ள ஃபோல்டரைச் சேருங்கள். ‘ஆட்டோ மவுன்ட்’ டிக் செய்யுங்கள்.

அடுத்த முறை விண்டோஸைத் திறந்தால், டி டிரைவ், இ டிரைவ் போல அந்த ஃபோல்டரும் ஒரு டிரைவாக நிற்கும். இதற்கு ‘எக்ஸ்டென்ஷன் பேக்’ தேவையில்லை. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த தனி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதால், தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்.

உள்ளே இருப்பதும் லினக்ஸ் என்றால் ஒரு வேலை கூடுதல். கெஸ்ட் லினக்ஸில் உங்கள் பயனர் பெயரை ‘விபாக்ஸ்-எஸ்எஃப்’ என்ற குழுவில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஃபோல்டர் தெரியும். ஆனால், அனுமதி இல்லை என்று கதவைச் சாத்திவிடும்.

எவ்வளவு திறந்துவைப்பது?

இங்கேதான் கவனம் தேவை. ‘எதற்கு வம்பு’ என்று லினக்ஸின் ஹோம் ஃபோல்டரை மொத்தமாக ஷேர் செய்துவிடுபவர்கள் உண்டு. வசதிதான். ஆனால், அது ஆபத்து.

பட்டாசு ஆலைகள் ஒரே பெரிய கட்டடமாக இருப்பதில்லை. இடைவெளி விட்டுத் தனித்தனி அறைகள். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. சேமிப்புக் கிடங்கு தள்ளி இருக்கும். ஓர் இடத்தில் தவறு நடந்தாலும் மற்ற இடங்களுக்குப் பரவக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஒழுங்கு கணினிக்கும் பொருந்தும்.

2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ‘வான்னாக்ரை’ ரேன்சம்வேர், விண்டோஸின் ஃபைல் பகிரும் வசதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அப்டேட் செய்யப்படாத விண்டோஸ் கணினிகள்தான் மாட்டின. விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் பழைய விண்டோஸில் இப்படியொன்று நுழைந்தால், ஷேர் செய்த ஃபோல்டரில் இருப்பதையும் அது பூட்டிவிட முடியும். ஹோம் ஃபோல்டர் மொத்தமும் திறந்திருந்தால்? இருபது வருட உழைப்பும் போச்சு!

அதனால் ஒரு ஃபோல்டருக்குப் பதில் இரண்டு வையுங்கள்.

முதலாவது ‘பழசு’. பழைய டிசைன்கள் எல்லாம் இதில். இதை ஷேர் செய்யும்போது ‘ரீட் ஒன்லி’ டிக் செய்யுங்கள். விண்டோஸால் படிக்க முடியும். மாற்றவோ அழிக்கவோ முடியாது.

இரண்டாவது ‘முடிந்தது’. விண்டோஸ் எழுத அனுமதி உள்ள ஒரே ஃபோல்டர் இதுதான். தயாரான பி.டி.எஃப் மட்டும் இதில் விழட்டும். ஃபான்ட்டை உள்ளடக்கிய பி.டி.எஃப்-ஆக எடுத்துவிட்டால், வெளியே லினக்ஸில் அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது.

முக்கியமான இன்னொன்று. விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டருக்கு நெட்வொர்க் தேவையே இல்லை. ஆகவே செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிடலாம். பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் எதற்கு? மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வெளியே லினக்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதிலெல்லாம் உஷார்!

* லினக்ஸில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி வைக்கலாம், விண்டோஸ் ஏற்காது. ‘முகூர்த்தம் 9:30’ என்று பெயர் வைத்த ஃபைல் உள்ளே போனால் தகராறு செய்யும். ‘9.30’ என்று மாற்றிவிடுங்கள்.

* பெரிய ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் வைத்தபடியே திருத்தாதீர்கள். பழைய மென்பொருள்கள் திணறலாம். உள்ளே காப்பி செய்து, வேலை முடித்து, வெளியே அனுப்புங்கள்.

* ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துவைத்தால், விண்டோஸ் கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால், ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு விண்டோஸுக்குள் சேமித்த ஃபைல்களும் அப்போது காணாமல் போகும். ஷேர்டு ஃபோல்டரில் இருப்பவை லினக்ஸில் இருப்பதால் அவை அப்படியே இருக்கும். அங்கே தவறுதலாக அழித்ததை ஸ்னாப்ஷாட் மீட்டுத் தராது என்பதும் நினைவிருக்கட்டும்.

* விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் லினக்ஸிலேயே இருக்கும் கே.வி.எம் பயன்படுத்துபவர்களுக்கு ‘விர்டியோ-எஃப்எஸ்’ என்ற வழி இருக்கிறது. அதற்கு விண்டோஸுக்குள் விர்டியோ டிரைவர்களோடு ‘வின்-எஃப்எஸ்பி’யும் நிறுவ வேண்டும்.

* ‘சம்பா’ மூலம் நெட்வொர்க் வழியாகவும் பகிரலாம். ஆனால், எக்ஸ்பிக்காகப் பழைய எஸ்.எம்.பி 1 முறையை மறுபடி ஆன் செய்யாதீர்கள். வான்னாக்ரை நுழைந்த வழி அதுதான்.

முதல் வேலை இதுதான்

இத்தனையும் செய்தாலும், ஷேர்டு ஃபோல்டர் என்பது பேக்கப் அல்ல. இரண்டு இயங்குதளங்களில் தெரிந்தாலும் ஃபைல் ஒன்றுதான். டிஸ்க் போனால் இரண்டிலும் போய்விடும். ‘பழசு’ ஃபோல்டரை ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி பீரோவில் வையுங்கள். கூடவே தமிழ் ஃபான்ட்களையும், அந்த மென்பொருளின் சிடியில் இருப்பதையும் காப்பி எடுத்துவிடுங்கள். ஃபான்ட் தொலைந்தால் ஃபைல் இருந்தும் பயனில்லை.

பிறகு, ஓய்வாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிகப் பழைய டிசைன் ஒன்றைத் திறந்து, பி.டி.எஃப் எடுத்து, லினக்ஸில் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எழுத்து உடையாமல் வந்துவிட்டால், அடுத்த ஆடியில் “அதே டிசைன் போதும் அண்ணாச்சி” என்று போன் வரும்போது தயங்காமல் ஆர்டர் எடுக்கலாம்.