களஞ்சியக் காவலன்

கல்லணையிலிருந்து பிரிந்து செல்லும் ஆறுகளிலும் கால்வாய்களிலும் மதகுப் பலகைகளை ஏற்றி இறக்கப் பணியாளர் உளர். அவர்களை லஸ்கர் என்பது வழக்கம். படை எனப் பொருள்படும் பாரசீகச் சொல், எப்படியோ நம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது! லஸ்கரிடம் அவருடைய மதகின் திறவுகோல் இருக்கும். ஊர் நெற்களஞ்சியத்தின் திறவுகோல் இராது. கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய ஏற்பாடு தேவைப்படுகின்றது.

1972ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், தஞ்சை வட்டாரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்தி வருகின்றது. உழவர் பெயர், நெல்லின் எடை, பணம் சேரவேண்டிய வங்கிக் கணக்கு ஆகியன இவ்வகைக் கொள்முதலில் பதிவாகின்றன. ஓர் எண் மாறினும் ஒருவர் உழைப்பின் பயன் மற்றொருவரைச் சேர்ந்துவிடும். இத்தகைய பதிவுகளைத் தொகுத்துக் காத்து, கேட்டபோது எடுத்தளிக்கும் மென்பொருளைத் தரவுத்தளச் சேவையகம் என்பர்.

இச்சேவையகம் இரவும் பகலும் தானே இயங்குவது. எனினும், இயங்கும் ஒவ்வொரு நிரலும் யாரேனும் ஒருவர் பெயரில் இயங்கவேண்டும் என்பது கணிப்பொறியின் விதி. ஆகவே, அதனை நிறுவும்போதே அதற்கெனத் தனிக் கணக்கு ஒன்றை அமைக்கின்றனர். அதுவே சேவைக் கணக்கு. ஈண்டுக் கணக்கு என்பது வரவு செலவன்று. ஒரு பெயரும் அதற்கு அளிக்கப்பட்ட உரிமைகளுமே ஆகும்.

சிலர் சோம்பலால், எல்லா அதிகாரமும் உடைய நிருவாகியின் பெயரிலேயே சேவையகத்தை இயக்கிவிடுகின்றனர். அதனால் விளையும் கேடு யாது? சேவையகத்தைக் கைப்பற்றும் பகைவன், அதற்குள்ள உரிமை அனைத்தையும் பெறுகின்றான். 2003ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், ‘ஸ்லாமர்’ என்னும் கணிப்புழு எஸ்.கியூ.எல். சர்வர் என்ற மென்பொருளின் குறையொன்றின் வழியே நுழைந்தது. பத்தே நிமிடங்களில், அக்குறை நீக்கப்படாதிருந்த கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றைப் பற்றிக்கொண்டது. பற்றப்பட்டவை ஏறத்தாழ 75,000. அது பதிவுகளை அழிக்கவில்லை, பரவுவதோடு நின்றது. அழிக்க எழுதப்பட்டிருப்பின், சேவைக் கணக்கின் உரிமை எதுவரையோ அதுவரை அழிவும் சென்றிருக்கும்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் இதில் மிகக் கண்டிப்பானது. லினக்ஸ் கணிப்பொறியில் ‘ரூட்’ எனப்படும் தலைமைக் கணக்கின் பெயரில் தொடங்கினால் இயங்க மறுத்துவிடும். தன் பதிவுகள் உள்ள அடைவில் பிறர் எழுத இயலுமாயினும் மறுத்துவிடும். இக்கண்டிப்பு நன்றே.

அலுவலர் ஒருவரின் சொந்தக் கணக்கைச் சேவையகத்திற்கு அளிப்பதும் தகாது. அவர் வேற்றூருக்கு மாற்றப்பட்டு அவருடைய கணக்கு மூடப்படலாம். கடவுச்சொல்லின் தவணை முடியலாம். ஓடிக்கொண்டிருக்கும் சேவையகம் இதனை உடனே காட்டிக்கொடாது. அறுவடைக் காலத்தில் ஒருநாள் மின்சாரம் நின்று மீளும், கணிப்பொறி விழிக்கும், சேவையகம் மட்டும் எழாது. வெளியே நெல் மூட்டைகளுடன் வண்டிகள் காத்துநிற்கும். இதனைத் தவிர்க்கவே, விண்டோஸ் கணிப்பொறியில் எஸ்.கியூ.எல். சர்வரை நிறுவுகையில் மெய்ந்நிகர்க் கணக்கு என்பதைத் தேர்ந்துகொள்கின்றனர். அதன் கடவுச்சொல்லைக் கணிப்பொறியே பேணிக்கொள்ளும். மனிதர் எவரும் அதனை அறியவேண்டுவதில்லை.